வாயில் கவ்விய காகிதம்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி எனக்குச் சரிப்படவில்லை, குமசாகி ஐயா. முப்பத்தெட்டு வருடம் ஒரு சாண் உயர முக்காலியில் குந்தி, வலது காலால் கல்லை மிதித்துப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்த உடம்பு இது. காலைத் தொங்கப் போட்டால் மரத்துப்போகிறது. தரையில் உட்கார்ந்து பேசட்டுமா? நன்றி. உங்கள் டேப் ரெக்கார்டரையும் கொஞ்சம் கீழே வைத்துவிடுங்கள். நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை.

என் பெயர் தெரமாச்சி. வாள் தீட்டுபவன். செகி ஊரில் வந்து இறங்கி, வாள் அடிக்கிற ஹிபினோ வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். தெரமாச்சி வீடு எது என்று கேட்டால், ஹிபினோவிடம் போய் விசாரி என்பார்கள். இத்தனைக்கும் அவன் உலைக்களத்துக்கும் என் பட்டறைக்கும் நடுவில் நான்கே வீடுகள்.

ஊருக்கு வருகிறவர்களுக்குத் தீப்பொறி பார்க்க ஆசை. ஹிபினோவும் அவனுடைய சம்மட்டிக்காரர்கள் இருவரும் பழுத்த இரும்பைப் போட்டு அடிப்பதை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். படம் பிடிப்பார்கள். அப்படியே திரும்பிப் பஸ் ஏறிவிடுவார்கள். அங்கே அவர்கள் பார்த்தது ஒரு கரிக்கட்டை. அடித்து முடித்த வாள் கருப்பாக, சொரசொரப்பாக, அடுப்பு கிளறுகிற கம்பி போலத்தான் இருக்கும். அதை என்னிடம் அனுப்புவான். நான் பதினைந்து நாள், இருபது நாள் கல் மாற்றிக் கல் மாற்றித் தேய்ப்பேன். கடைசியில் நகத்தைவிட மெல்லிய கல்சீவலைக் கட்டைவிரலுக்கடியில் வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தடவுவேன். அப்போதுதான் வாளின் வாய்ப்பக்கம், வெட்டுகிற விளிம்பை ஒட்டி, அந்த வெள்ளை மேகக்கோடு எழும்பி வரும். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, “ஆகா, ஹிபினோவின் தோய்ச்சலைப் பாருங்கள், தண்ணீரில் முக்கிய பக்குவத்தைப் பாருங்கள்” என்று பெரிய மனிதர்கள் உருகுவார்களே, அது. அதை வெளியே கொண்டுவந்தது யார் என்று எந்தப் பெரிய மனிதரும் இதுவரை கேட்டதில்லை. கேட்கத் தெரிந்தால்தானே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். உருவிய வாளுக்கு எதிரில் நாங்கள் பேசமாட்டோம். மூச்சின் ஈரம் பட்டால் துரு பிடிக்கும். அதனால் வாளை உருவுகிறவன் ஒரு வெள்ளைக் காகிதத்தை மடித்து உதட்டில் கவ்விக்கொள்வான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைச் செய்வதில்லை. வாளைக் கையில் பிடித்துக்கொண்டே தொண தொணவென்று பேசுகிறார்கள். நான் ஒருநாளும் விட்டதில்லை. அதுதான் மரியாதை.

ஹிபினோவைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கொல்லன். அதை நான் மறுக்கவில்லை. அவனுக்கும் எனக்கும் வயது ஒன்றுதான், அறுபத்தொன்று. இத்தனை வருடத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘கல்லு’ என்பான். “கல்லு, கத்தி ரெடியா?” “கல்லு, இந்தத் தடவை அதிகமா தேய்ச்சுப்புடாத, நான் அடிச்சதுல கொஞ்சமாவது மிச்சம் வை.” அவனுடைய சம்மட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்காமல் என்ன செய்வது, அவன் கொடுத்த வேலையில்தான் என் வீட்டில் அடுப்பெரிந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழக்கம் இருந்தது. வாளைத் தண்ணீரில் முக்கும்போது சில சமயம் வாய் வெடித்துவிடும். முடியிழை அளவுக்கு ஒரு வெடிப்பு, வாய்க்குக் குறுக்காக. அப்படி விழுந்துவிட்டால் அந்த வாள் செத்த வாள். எங்கேயாவது வைத்து ஓங்கி வெட்டினால் அந்த இடத்தில் இரண்டாகும். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. தீட்டுபவனுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் நான் வாய் திறந்து சொல்வதில்லை. கொல்லனின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லக்கூடாது. கைப்பிடிக்குள் போகிற காம்பில் ஒரு வைக்கோல் புரியைக் கட்டித் துணியில் சுற்றித் திருப்பி அனுப்பிவிடுவேன். அவன் பிரித்துப் பார்ப்பான், ஒரு வார்த்தை பேசமாட்டான், பட்டடையில் வைத்து உடைத்துவிடுவான். இருபத்தாறு வருடத்தில் பதினொரு முறை கட்டி அனுப்பியிருக்கிறேன். பதினொரு முறை அவன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். ஒருமுறையாவது நன்றி சொன்னானா என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்கமாட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வசந்தத்தில், அவன் வாளுக்குத் தலைநகரில் பெரிய பரிசு கிடைத்தது. ஊர் மண்டபத்தில் விருந்து. ஆற்று மீன் சுட்டுப் போட்டார்கள், சாக்கே மது தண்ணீராக ஓடியது. அன்றைக்கு நான் என் வாழ்நாளில் முதல்முறையாக அவனிடம் ஒன்று கேட்டேன். காம்பில் ஒரு பக்கம் உன் பெயரை வெட்டுகிறாய், மறுபக்கம் தேதியை வெட்டுகிறாய். தேதிக்குக் கீழே, தீட்டியவன் தெரமாச்சி என்று சின்னதாக வெட்டக்கூடாதா என்று கேட்டேன். கைப்பிடிக்குள் மறைந்து கிடக்கப்போகிற எழுத்துதான். எவன் பார்க்கப்போகிறான்?

ஹிபினோ மேஜையைத் தட்டி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தான். “கேட்டீங்களாப்பா, நம்ம கல்லுக்கு வந்த ஆசைய. சோறாக்கினவன் யாருன்னு கேப்பாங்க. சட்டி கழுவினவன் பேரை எவனாவது கேப்பானா?”

மண்டபமே சிரித்தது. அவன் மகள் தொகியே மட்டும் சிரிக்கவில்லை. “அப்பா, போதும். குடிச்சா உங்களுக்கு நாக்கு நிக்காது,” என்று அதட்டிவிட்டு என் கிண்ணத்தில் சாக்கே ஊற்றினாள். “மனசுல வச்சுக்காதீங்க மாமா. விடிஞ்சா அவருக்கே ஞாபகம் இருக்காது.”

அவள் சொன்னது சரிதான். அவனுக்கு ஞாபகம் இருக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

செப்டம்பரில் அந்த வாள் வந்தது. இலையுதிர்காலத் திருவிழாவுக்கு, கோயில் முற்றத்தில் வெட்டிக் காட்டுவதற்காக அடித்தது. கூடவே ஒரு சீட்டு: “திருவிழாவுக்குள்ள முடி, கல்லு.” அவ்வளவுதான்.

நான்காவது கல்லில்தான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. கழுவித் துடைத்து வைத்தேன், நுனியிலிருந்து இரண்டு சாண் தள்ளி ஒரு பொட்டு ஈரம் இருந்தது. மறுபடி துடைத்தேன். மறுபடி அதே இடத்தில் ஈரம். உள்ளே போன தண்ணீர் கசிந்து வருகிறது என்றால் உள்ளே போக வழி இருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலோரம் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். நகத்தை வைத்து இழுத்தேன். நகம் லேசாகத் தட்டியது.

வைக்கோலை எடுத்துப் புரி முறுக்கினேன். அது உங்கள் மேஜையில் கிடப்பதைப் பார்க்கிறேன், என் இழுப்பறையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். முடிச்சுப் போட்டு அவிழ்த்த தடம் அதில் இருக்கிறது என்று உங்கள் ஆள் சொன்னாராம். கெட்டிக்காரர். ஆமாம், காம்பில் கட்டினேன். கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு வந்து அவிழ்த்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபமே இல்லை. பன்னிரண்டாவது முறையும் இந்த ஆளின் மானத்தை நான் எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. புரியை இழுப்பறைக்குள் போட்டேன்.

மற்றதெல்லாம் வேலை. இரும்புச் செதிளை மாவாக அரைத்துக் கிராம்பு எண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்ப்போம். வாளின் உடம்பு கருநீலமாகும். அந்த மாவு வெடிப்புக்குள் இறங்கி அடைத்துக்கொண்டது. அதன்மேல் எஃகு ஊசியால் அழுத்தி அழுத்தி இழுத்து வெடிப்பின் உதடுகளை மூடினேன். வாய்ப்பக்கத்து வெள்ளையில் ஒரு வெடிப்பை மறைப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று உங்களுக்குத் தெரியாது. ஐந்து நாள் ஆயிற்று. இந்த நாட்டில் வேறு எவனாலும் அதைச் செய்திருக்க முடியாது. என் கையால் நான் செய்ததிலேயே சிறந்த வேலை அது. அதிலும் என் பெயர் இல்லை, பாருங்கள்.

அந்த ஐந்து நாளில் தொகியே ஒருமுறை பட்டறைக்கு வந்தாள். வீட்டில் சரம் சரமாகத் தொங்கவிட்டுக் காயவைத்த பெர்சிமன் பழங்கள், போன வருடத்தது, கடைசியாக மிஞ்சியவை, ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். நாற்பது வயதுப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாள் சுற்றுவதில் இந்த மாவட்டத்தில் அவளுக்கு நிகரில்லை என்பார்கள். சின்ன வயதிலிருந்து என் பட்டறை வாசலில் உட்கார்ந்து கல் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவளை எனக்குப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள், முக்கியம். அவளுக்கு ஒரு கெடுதல் நான் மனதாலும் நினைத்ததில்லை.

நான் கணக்குப் போட்டது இப்படித்தான். அடித்தவனே முதலில் வெட்ட வேண்டும் என்பது ஹிபினோவின் வீம்பு. எல்லாத் திருவிழாவிலும் அவன்தான் வெட்டுவான். ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது அவன் கையில் அவன் பெயர் வெட்டிய வாள் இரண்டாகும். எல்லோரும் பார்ப்பார்கள். அவ்வளவுதான் நான் வேண்டியது. ஒரு மனிதன் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும் என்று நினைப்பது குற்றமா?

ஆகஸ்ட் மாதமே ஹிபினோவின் வலது தோள் போய்விட்டது, கை தலைக்கு மேல் எழும்பவில்லை, அது ஊருக்கே தெரியும் என்கிறீர்கள். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு நினைவிருக்க வேண்டுமா? ஆமாம், தோளுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன்.

திருவிழா நோட்டீசையும் காட்டுகிறீர்கள். ‘வெட்டிக் காட்டுபவர்: ஹிபினோ தொகியே’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. என் பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்ததுதான். நான் அதைப் படிக்கவில்லை, ஐயா. கோயில் கமிட்டிக்காரர்கள் வருடா வருடம் ஒட்டிவிட்டுப் போவார்கள். என் பெயர் இல்லாத காகிதத்தை நான் எதற்குப் படிக்கிறேன். அதில் என் பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்தேன். இல்லை.

சரி. அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

காலை பத்து மணி. நல்ல வெயில். முற்றத்தில், வெட்டுவதற்காக, நனைத்துச் சுருட்டிய பாய்கள் மூன்றை நட்டு வைத்திருந்தார்கள். மூன்றாவதுக்குள் பச்சை மூங்கில். வாள் உறையோடு தாங்கியில் இருந்தது. வெட்டுக்கு முன்னால் அதை உருவி, எண்ணெயைத் துடைத்து, வெட்டுகிறவர் கையில் கொடுப்பது தீட்டியவன் வேலை. ஒரு நிமிட வேலை. வருடத்தில் அந்த ஒரு நிமிடம்தான் ஊர் என்னைப் பார்க்கும். அப்போதும் ஒருத்தன் பின்னாலிருந்து, “அந்த ஆள் யாருப்பா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. “யாரோ தொடைக்கிறவரு,” என்று பதில் வந்தது.

தொகியே வெள்ளை உடை உடுத்தி, சட்டைக்கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் மண்டியிட்டாள். முகம் வெளிறியிருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, அப்பா நேத்துலேருந்து ஒரு மாதிரியா இருக்காரு. தண்ணியில முக்குறப்ப என்னமோ சத்தம் கேட்டுச்சாம். கேட்டுச்சா கேக்கலையான்னு அவருக்கே சந்தேகமா இருக்குதாம். கல்லு வைக்கோல் கட்டலையே, அப்பறம் என்னங்கறாரு. நீங்க சொல்லுங்க. கத்தி சுத்தம்தானே?”

கவனியுங்கள். அந்தப் பயலே சத்தத்தைக் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, கல்லு பார்த்துக்கொள்வான் என்று என் தலையில் கட்டியிருக்கிறான். உங்கள் டேப்பில் அது நன்றாகப் பதியட்டும்.

நான் பதில் சொல்லவில்லை. வாயில் காகிதம் இருந்தது. காகிதத்தைக் கவ்விவிட்டால் பேச்சு கிடையாது, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தலை குனிந்து வணங்கினேன். வாளைத் தொடுமுன் வணங்குவது முறை. நான் வாளுக்குத்தான் வணங்கினேன். அவள் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினேன் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவள் முகம் தெளிந்துவிட்டது. “அது போதும் மாமா,” என்றாள். பிறகு நான் உருவினேன், துடைத்தேன், இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தேன்.

முதல் பாய் வெண்ணெய் போல் விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். கூட்டம் ஆரவாரம் செய்தது. மூங்கில் வைத்த பாயில் சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. அது எனக்குத் தெரிந்த சத்தம் என்று சொல்லமாட்டேன், நான் அதுவரை கேட்டதில்லை. அவள் கையில் பாதி வாள் இருந்தது. மறுபாதி மூங்கிலில் பட்டுத் துள்ளி அவள் தொடையின் உள்பக்கம் இறங்கியிருந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அப்பனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் கோயில் படியைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள்.

பத்திரிகைகள் விபத்து என்று எழுதின. ‘புகழ்பெற்ற கொல்லன் ஹிபினோவின் வாள் உடைந்தது’ என்று தலைப்பு. அவன் படம் பெரிதாக. உடைந்த வாளுக்கும் அவன் பெயர்தான். அதில்கூட எனக்கு இடமில்லை. சிரிப்பு வருகிறது, ஐயா, நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது.

மறுநாள் ஹிபினோ என் பட்டறைக்கு வந்தான். உடைந்த துண்டு கையில் இருந்தது. அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. நான் அதற்கெல்லாம் தயாராக இருந்தேன். துண்டின் உடைந்த முகத்தை என் கண்ணுக்கு நேரே காட்டினான். புது இரும்பு சாம்பல் நிறத்தில் பளபளத்தது. வாய்ப்பக்கம் நெல்மணி அகலத்துக்குக் கருநீலமாக இருந்தது. என் மாவு. அதில் கிராம்பு வாசம் இன்னும் போகவில்லை. இத்தனை வருடமாக என் வேலையைப் பார்க்காதவன் அன்றைக்குப் பார்த்தான்.

“வைக்கோல் எங்க, தெரமாச்சி?” என்று கேட்டான்.

பெயர் சொல்லித்தான் கேட்டான். நீங்களே யோசித்துப் பாருங்கள், இருபத்தாறு வருடம். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் உங்கள் முகம் சுளிக்கிறது. உண்மையைச் சொல்லத்தானே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவன் மகளின் சவம் வீட்டில் கிடக்க, என் பெயரை முழுசாகச் சொன்னான். எனக்கு அது பிடித்திருந்தது. இழுப்பறையைக் கைகாட்டினேன். அவன் திறந்து பார்த்துவிட்டு உங்களிடம் வந்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். காகிதத்தை எப்போது கவ்வினேன் என்று ஒரு மணி நேரமாக அதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள், உங்களுக்கு அதில் என்ன பெரிதாகத் தெரிகிறதோ. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னாராம், அவள் வந்து மண்டியிட்டபோது வாள் இன்னும் தாங்கியிலேயே இருந்தது என்று. அவர் சொன்னது சரிதான். நான் வழக்கம் பிசகாத ஆள், பொய் சொல்ல எனக்கு வராது. அவள் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து என்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்தேன். என்னமோ கேட்கப்போகிறாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து மடித்துக் கவ்வினேன்.

வாள் உறையில்தான் இருந்தது.